எழுத்தை எண்ணிய கணிதர்

முகவரி சரிவர எழுதப்படாமையால் உரியவரைச் சேராத கடிதங்கள் ஆண்டுதோறும் அஞ்சல் நிலையங்களில் தங்கிவிடுவது நாம் அறிந்ததே. பாரிஸ் நகரில் அவ்வாறு தங்கிவிடும் கடிதங்களின் தொகை ஆண்டுக்கு ஆண்டு அதிகம் மாறுவதில்லை என்று கேள்வியுற்றதைப் பிரெஞ்சுக் கணிதர் லாப்லாஸ் 1814ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் குறித்துள்ளார். தவறு செய்தவர்கள் ஒருவரையொருவர் அறியார். கூடிப் பேசி முடிவு செய்தவர்களும் அல்லர். எனினும் தொகை நிலைத்து நிற்கிறது.

இதன் காரணத்தை யாக்கோபு பெர்னூலி முன்பே கண்டிருந்தார். நாணயத்தைச் சுண்டும் தடவைகள் பெருகப் பெருகத் தலை விழும் விகிதம் ஒரு குறித்த எண்ணை நெருங்கும் என்ற அவருடைய நிறுவல், அவர் மறைந்து எட்டாண்டுகள் கழித்து, 1713இல் அச்சேறியது. பேரெண் விதி என்பது அதன் பெயர். அவ்வெண்ணிலிருந்து முடிவுகள் விலகிச் சிதறும் முறையை 1733இல் டி மாய்வர் கணித்தார். எல்லைத் தேற்றங்கள் என இன்று வழங்கும் பெருங்குடும்பத்திற்கு இவ்விரண்டுமே முன்னோர்.

கடிதத்தோடு நின்றிருந்தால் சிக்கலில்லை. குற்றங்களின் தொகையும் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதைப் பெல்ஜிய நாட்டுக் கெத்லே 19ஆம் நூற்றாண்டில் எடுத்துக்காட்டினார். அவ்வாறாயின் கொலை செய்பவன் தன் விருப்பத்தால் செய்கிறானா? ஊழா, முயற்சியா என்ற நமது பழைய வினா புள்ளிவிவர அட்டவணைக்குள் புகுந்துவிட்டது.

இதற்கு விடை கண்டுவிட்டதாக 1902இல் முன்வந்தவர் நெக்ராசோவ். இளமையில் சமயப் பள்ளியில் பயின்று, பின்னர் மாஸ்கோப் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பை வகித்தவர் அவர். நிகழ்ச்சிகள் ஒன்றையொன்று சாராதிருந்தால்தான் பேரெண் விதி செல்லும். மனிதச் செயல்களில் அவ்விதி காணப்படுகிறது. ஆகவே அச்செயல்கள் சார்பற்றவை, மனிதன் சுதந்திரன் என்பது அவர் வாதம். கேட்பதற்கு இனிய வாதந்தான். முதற்படியே தவறு என்பதுதான் குறை.

செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த ஆந்திரேய் மார்க்கோவ் இதைப் பொறுத்துக்கொள்ளவில்லை. தால்ஸ்தாயைச் சமய நீக்கம் செய்த திருச்சபைக்கு, தம்மையும் நீக்கிவிடுமாறு 1912இல் தாமே விண்ணப்பித்த மனிதர் அவர். ஒவ்வொரு நிகழ்ச்சியும் தனக்கு முந்தியதைச் சார்ந்து நிற்கும் தொடர் ஒன்றை அமைத்து, அதிலும் பேரெண் விதி செல்லும் என்று 1906இல் நிறுவினார். மனித சுதந்திரத்தை அவர் பொய்யாக்கினார் என்று கொள்ளலாகாது. அதற்குப் புள்ளிவிவரம் சாட்சி சொல்லாது என்று மட்டுமே காட்டினார்.

1913ஆம் ஆண்டு சனவரியில் கழகத்தார் முன் அவர் படித்த உரை இலக்கிய அன்பர்களைத் திகைக்கவைக்கும். புஷ்கினின் "யெவ்கேனி ஒனேகின்" காவியத்தில் 20,000 எழுத்துக்களை, ஒலியற்ற இரு குறிகளை விலக்கி, கையாலேயே எண்ணியிருந்தார். உயிர் 8,638, மெய் 11,362. மெய்யை அடுத்து உயிர் வருவது நூற்றுக்கு 66; உயிரை அடுத்து உயிர் வருவதோ 13 அளவே. (தமிழை எண்ணியிருந்தால், அளபெடை நீங்கலாக, ஒரு சொல்லுக்குள் இந்த இரண்டாம் எண் சுழியமே. இரண்டு உயிர்கள் சந்திக்குமிடத்தில் உடம்படுமெய் வந்து நின்றுவிடும் அன்றோ!)

அவ்வெழுத்துக்களை நூறு நூறாக 200 பகுதிகளாக்கினார். பகுதிக்கு உயிர்கள் சராசரி 43. எழுத்துக்கள் சார்பற்றவையாயின் இவ்வெண்ணிக்கையின் சிதறலைக் காட்டும் மாறுபாட்டு அளவு 24.5 ஆக இருந்திருக்க வேண்டும். அவர் கண்டது 5.1. உயிர் சற்று மிகுந்தால் அடுத்து வரும் மெய் அதை உடனே ஈடுசெய்துவிடுகிறது. சார்பு இருந்ததால் ஒழுங்கு குலையவில்லை, மாறாக இறுகிற்று.

மார்க்கோவின் தொடரில் நிலைகள் மாறும். அவற்றை நடத்தும் விதி அப்படியே இருக்கும். விதியையே ஒவ்வோர் அடியிலும் சீட்டெடுத்துத் தேர்ந்தால் என்ன ஆகும்? 1945இல் உலாமும் நாய்மனும் இவ்வினாவைத் தொட்டனர். எண்களைச் சதுரமாக அடுக்கிய அணிகளைச் சீட்டெடுத்து வரிசையாகப் பெருக்கினாலும், பெருக்கத்தின் வளர்ச்சி வீதம் ஓர் எல்லையை நெருங்கும் என்று 1960இல் ஃபர்ஸ்டன்பர்க்கும் கெஸ்டனும் நிறுவினர்.

எல்லையை நெருங்காமல் வெகுதூரம் விலகிச் செல்லும் அரிய நிகழ்ச்சிகளுக்கும் கணக்கு உண்டு. அக்கணக்கை மார்க்கோவ் தொடர்களுக்கு விரித்தவர்களுள் ஒருவர் 1940இல் சென்னையில் பிறந்த ஸ்ரீநிவாச வரதன். மாநிலக் கல்லூரியில் பயின்று, 1959இல் கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்தில் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். அங்கு அவர் எழுதிய ஆய்வேட்டை மதிப்பிட்டவர்களுள் ருஷ்யக் கணிதர் கோல்மோகொரோவும் ஒருவர். நார்வே நாட்டின் ஆபெல் பரிசு 2007இல் வரதனுக்கு வழங்கப்பட்டது.