வெயிலில் கெடாத ஒயின்

ஜூலை 4 விடுமுறையை ஒட்டி ஒரு நீண்ட வார இறுதி அமைந்துவிட்டால், அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு புழக்கடையில் கரி அடுப்புப் புகை எழும்பும். நியூ ஜெர்சியில் இருக்கும் நண்பர், வயதில் மூத்தவர், நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன், போன வருடம் அழைத்திருந்தார். “கறி, கோழியெல்லாம் நான் பாத்துக்கறேன். நீ ஒயின் மட்டும் வாங்கிட்டு வந்துடு.”

“எது வாங்கட்டும்ணா?”

“எதுவா இருந்தா என்னப்பா. முந்தின வருஷம் மாதிரி வெந்நியா இல்லாம இருந்தா சரி.”

முந்தின வருடம் நடந்தது என் தவறுதான். ஆறு புட்டி சிவப்பு ஒயினைக் கார் டிக்கியில் வைத்துவிட்டுப் பேச்சில் உட்கார்ந்துவிட்டேன். மதியம் திறந்தபோது அது ஒயினாக இல்லை. கொதிக்க வைத்த பழச்சாறு மாதிரி இருந்தது. வெயில்காலத்துக்குக் குளிர வைத்த ரோஸே, கொஞ்சம் நுரைக்கும் வெள்ளை என்று கடைக்காரர்கள் சொல்வதெல்லாம் சரிதான். ஆனால் ஃபிரிட்ஜும் ஐஸ் பெட்டியும் இல்லாத காலத்தில் இதே ஊர்க்காரர்கள் இதே ஜூலை வெயிலில் என்ன குடித்தார்கள்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் வரி, கலவரம், அடிமை முறை என்று எங்கெங்கோ கொண்டுபோய் விடுகிறது.

பதினெட்டாம் நூற்றாண்டு அமெரிக்கப் பணக்காரர்களின் ஒயின் மடெய்ரா. அட்லாண்டிக்கில் இருக்கும் போர்ச்சுகீசியத் தீவு அது. ஃபுன்சால் துறைமுகத்தில் கப்பல்கள் தண்ணீரும் உணவும் ஏற்ற நிற்கும், கூடவே ஒயின் பீப்பாய்களையும் ஏற்றிக்கொள்ளும். வெப்பமண்டலக் கடலில், கப்பலின் அடித்தட்டில், மாதக்கணக்காக வெந்துகொண்டே போகும் சரக்கு அது. சாதாரண ஒயின் என்றால் காடியாகியிருக்கும். மடெய்ராவோ ருசி கூடி இறங்கியது. நாளடைவில் பிராந்தியும் கலந்தார்கள், அது இன்னும் உறுதிப்பட்டது. இந்தியா வரை போய்த் திரும்பிய பீப்பாய்க்குத் தனி மதிப்பு. சென்னை ஜார்ஜ் கோட்டையில் கம்பெனி அதிகாரிகளின் மேஜையிலும் அதுதான் இருந்தது. நம்மூர்ப் பக்கத்து வெக்கையும் அந்த ருசிக்கு ஒரு கை கொடுத்திருக்கிறது.

அமெரிக்காவில் அது பரவியதற்கு ருசி மட்டும் காரணமில்லை. ஐரோப்பியச் சரக்கு எல்லாம் இங்கிலாந்து வழியாகத்தான் காலனிகளுக்குப் போகவேண்டும் என்று 1663-ல் சட்டம் வந்தது. மடெய்ரா ஒயினுக்கு விலக்கு உண்டு. அமெரிக்கர்கள் கோதுமை, மீன், பீப்பாய்ப் பலகை எல்லாம் கொண்டுபோய் இறக்கிவிட்டு நேராக ஒயினோடு திரும்பலாம். நூறு வருடம் இப்படி ஓடியது. 1764-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் சர்க்கரைச் சட்டத்தில் அதன் மேலும் கை வைத்தது: நேரடியாக வரும் மடெய்ராவுக்கு டன்னுக்கு 7 பவுண்டு வரி. டன் என்றது இங்கே ஒரு பெரிய பீப்பாய்க் கணக்கு.

1768 மே மாதம் ஜான் ஹான்காக்கின் ‘லிபர்ட்டி’ என்ற கப்பல் பாஸ்டன் வந்தது. 25 பைப் மடெய்ரா இருப்பதாகக் கணக்குக் காட்டி வரி கட்டினார்கள். ஒரு பைப் என்பது 400 லிட்டருக்கும் மேல். கப்பலின் கொள்ளளவுக்கு இது ரொம்பக் குறைச்சல், மீதியை ராத்திரியோடு ராத்திரியாக இறக்கிவிட்டார்கள் என்று சந்தேகம். கப்பலில் காவலிருந்த சுங்க ஆள் ஒருவர், ‘என்னை உள்ளே போட்டு அடைத்துவிட்டார்கள்’ என்று ஒரு மாதம் கழித்துச் சொன்னார். ஜூன் 10 அன்று கப்பலைப் பறிமுதல் செய்தார்கள். ஊர் திரண்டது. சுங்க அதிகாரிகள் துறைமுகத் தீவில் இருந்த கோட்டைக்கு ஓடினார்கள். அக்டோபரில் பிரிட்டிஷ் படை பாஸ்டனில் இறங்கியது. ஹான்காக்கின் வக்கீல் ஜான் ஆடம்ஸ், அவர் மீதான வழக்கு 1769-ல் கைவிடப்பட்டது. படை மட்டும் போகவில்லை. 1770 மார்ச்சில் அதே படையின் துப்பாக்கிச் சூட்டில் ஐந்து பேர் செத்தார்கள். சுதந்திரப் பிரகடனத்தில் பெரிதாகக் கையெழுத்துப் போட்ட ஹான்காக்தான் இந்த ஹான்காக்.

சரி, சுதந்திரம் வந்தாயிற்று, விழாவும் வந்தாயிற்று. யாருக்கு எதை ஊற்றுவது? 1778 ஜூலை 4 அன்று வாஷிங்டன் தன் சிப்பாய்களுக்கு இரட்டைப் பங்கு ரம் கொடுக்கச் சொன்னார். 1787 செப்டம்பரில் ஃபிலடெல்ஃபியா சிட்டி டேவர்னில் அவருக்கு நடந்த விருந்தின் பில் இன்றும் இருக்கிறது. ஐம்பத்தைந்து கனவான்கள், 54 புட்டி மடெய்ரா, 60 புட்டி கிளாரெட், மேற்கொண்டு போர்ட்டர், சைடர், பியர், பஞ்ச். அது கதவு சாத்திய அறை. அடுத்த வருடம் ஜூலை 4 அன்று அதே ஊரில் அரசியல் சாசனம் ஏற்கப்பட்டதற்கு ஊர்வலம். ஒன்றரை மைல் நீளம், முப்பத்து மூன்று அடிக் கப்பல் ஒன்றை வண்டியில் ஏற்றி இழுத்துப் போனார்கள். முடிவில் யூனியன் கிரீன் என்று பெயரிட்ட திறந்தவெளியில் சுமார் 17,000 பேர் கூடினார்கள். அங்கே மடெய்ரா இல்லை, ரம்மும் இல்லை. அமெரிக்காவில் காய்ச்சிய பியர், போர்ட்டர், ஆப்பிள் சைடர் மட்டும். சாசனத்தை ஏற்ற பத்து மாநிலங்களுக்காகப் பத்து வாழ்த்துகளையும் அதைக் கொண்டே குடித்தார்கள். வடிசாராயத்தின் கேடு பற்றி 1784-ல் பிரசுரம் எழுதிய டாக்டர் பெஞ்சமின் ரஷ், கூட்டத்தில் சண்டை சச்சரவு இல்லாததைப் பார்த்து, பியருக்கும் சைடருக்கும் அந்தத் திடலில் நினைவுச்சின்னமே வைக்கலாம் என்று எழுதினார்.

எனக்கு அந்தத் தேர்வு பிடித்திருக்கிறது. செருப்புத் தைப்பவரும் வியாபாரியும் ஒரே பானத்தைக் குடித்தார்கள். ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் கதை பாதிதான். ஒயின் மலிவாக எல்லோருக்கும் கிடைத்தால் குடிவெறி குறையும் என்று வாதாடியவர் ஜெஃபர்சன். அவருடைய மான்டிசெல்லோ வீட்டில் உணவறைக் கணப்பின் இரு பக்கமும் சிறு தூக்கிகள் உண்டு. கீழே நிலவறையிலிருந்து புட்டிகள் மேலே வரும். ஏற்றி அனுப்பும் கை விருந்தாளிக்குத் தெரியாது. அது அடிமையின் கை. 1852 ஜூலை 5 அன்று ராச்செஸ்டரில் ஃபிரெடெரிக் டக்ளஸ் பேசினாரே, இந்தக் கொண்டாட்டத்தில் அடிமைக்கு என்ன பங்கு என்று, அவர் கேட்டது அந்தக் கைக்காகவும்தான்.

மடெய்ராவின் காலம் அதன் பிறகு நீளவில்லை. 1850-களில் தீவின் கொடிகளைப் பூஞ்சை தாக்கியது, 1870-களில் வேர்ப்பேன். 1920-ல் வந்த மதுவிலக்கு மிச்சத்தையும் முடித்தது. 1933-ல் தடை நீங்கியபோது ஜனங்களுக்குப் பழைய ருசி மறந்திருந்தது.

போன வருடம் அண்ணா வீட்டுக்கு ரோஸே நான்கு, ஆப்பிள் சைடர் ஒரு பெட்டி, கூடவே உலர்ந்த ருசியுள்ள மடெய்ரா ஒரு புட்டி வாங்கிப் போனேன். ரோஸேயை ஐஸில் புதைத்தோம். மடெய்ராவை வேண்டுமென்றே மேஜை மேல் வெயிலில் விட்டேன். சாயங்காலம் அண்ணா ஒரு வாய் குடித்துவிட்டு, “என்னடா இது, வெயில்ல கெடந்தும் நல்லாத்தானே இருக்கு?” என்றார்.

“கெடந்ததாலதாண்ணா” என்றேன். பிறகு தட்டுகளைக் கழுவ உள்ளே போனோம். அன்றைக்கு அது எங்கள் முறை.