கிணற்றடியில் பிறந்த பாட்டு

கி.பி. ஏழாம் நூற்றாண்டில் வட இங்கிலாந்தின் விட்பி மடத்தில் கேட்மன் என்றொரு மாட்டிடையர் இருந்தார். விருந்துகளில் யாழ் தம் பக்கம் வருவதைக் கண்டால், பாடத் தெரியாத வெட்கத்தால் எழுந்து போய்விடுவாராம். ஓரிரவு கனவில் ஒருவர் தோன்றிப் பாடுமாறு பணித்தார். வராது என்று இவர் மறுத்தும் கட்டளை மீண்டும் பிறக்கவே, படைத்தவனைப் புகழ்ந்து பாடினார் என்று பீட் என்னும் வரலாற்றாசிரியர் எழுதிவைத்தார். ஹிராக் குகையில் பிறந்த ‘இக்ரஃ’ என்னும் கட்டளையை அறிந்த நமக்கு இக்கதை உடனே நெஞ்சில் தைக்கிறது. இரண்டையும் ஒன்றாக வைத்து எண்ணுவது தகாது. அது வேறு செய்தி.

அவர் பெயரைச் சூட்டிக்கொண்ட ‘கேட்மன்ஸ் கால்’ என்ற கிறித்துவப் பாடகர் குழு 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் தோன்றியது. அக்குழுவினர் இந்தியா, ஈக்வடார், பிரேசில் ஆகிய நாடுகளுக்குச் சென்று திரும்பி, அங்குள்ள இசைக் கலைஞர்களையும் சேர்த்துக்கொண்டு, 2004இல் ஒரு ராக் இசைத்தொகுப்பை வெளியிட்டனர். அதன் பெயர் ‘ஷேர் த வெல்’. கிணற்றைப் பகிர்ந்துகொள் என்பது பொருள். தலித் மக்களின் நிலை அவர்களைப் பாட வைத்தது.

மேல்நாட்டார் நம் புண்ணைப் பாட்டாக்கி விற்கிறார்கள் என்று சினம் கொள்வோர் உண்டு. சமயப் பரப்புரை நோக்கம் இதில் அறவே இல்லை என்று நானும் சொல்லமாட்டேன். ஆயினும் புண் நம்முடையதுதானே! பழனிக்கருகில் கீரனூர் போன்ற வானம் பார்த்த பூமியில் வாழ்வோருக்குக் கிணற்றின் அருமையை யார் சொல்ல வேண்டும்? கமலை இறைத்த அந்நாட்களில் தமிழகத்துச் சிற்றூர்கள் பலவற்றில், தாழ்த்தப்பட்டோர் தாம்புக்கயிற்றைத் தொடலாகாது. யாரேனும் இரங்கித் தம் குடத்தில் ஊற்றும்வரை எட்டி நின்று காத்திருக்க வேண்டும்.

1927 மார்ச் 20இல் கொங்கணத்து மஹாத் நகரின் சவுதார் குளத்தில் டாக்டர் அம்பேத்கர் இறங்கி நீரருந்தினார். முஸ்லிம்களும் கிறித்துவர்களும் தடையின்றி அள்ளிய குளம் அது, கால்நடைக்கும் தடையில்லை. நீரருந்தியவர்களை அன்றே சாதியினர் தாக்கியபோது, சிலர் முஸ்லிம் வீடுகளில் அடைக்கலம் புகுந்தனர். அவ்வாண்டு டிசம்பரில் மறு மாநாட்டுக்கு இடம் கிடைக்காதபோது நிலம் தந்தவர் ஃபத்தே கான் என்ற முஸ்லிம். நம் பிள்ளைகளுக்கு அப்பெயரைச் சொல்லிக் கொடுத்திருக்கிறோமா? வழக்கோ நெடுநாள் இழுத்து, 1937இல்தான் பம்பாய் உயர்நீதிமன்றம் அம்மக்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது.

மத்யன் நகர நீர்த்துறையில், இடையர்கள் விலகும்வரை ஒதுங்கி நின்ற இரு பெண்களுக்காக மூஸா நபி (அலை) நீர் இறைத்துக் கொடுத்ததைத் திருக்குர்ஆன் அல்கஸஸ் அத்தியாயத்தில் கூறுகிறது. யூதர் நெருங்காத சமாரியப் பெண்ணிடம் ஈசா நபி (அலை) கிணற்றடியில் தண்ணீர் கேட்டதைக் கிறித்துவரின் யோவான் சுவிசேஷம் கூறுகிறது. அமெரிக்கப் பாடகர்களுக்கு இப்பொருள் புதிதாகத் தோன்றியிருக்க முடியாது.

அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு கிணறுகளையும் குளங்களையும் பெயர் சொல்லியே எல்லோருக்கும் திறந்துவிட்டது. 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. இவையெல்லாம் 1950லேயே நடைமுறைக்கு வந்துவிட்டன. அந்த இசைத்தொகுப்பு வெளியாகிப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 2022 டிசம்பரில், புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலில், தலித் மக்கள் குடிக்கும் நீர்த்தொட்டிக்குள் மனிதக் கழிவு கிடந்தது.