பேட்டன் ரூஜின் 15 வெற்றிகள்

2018 நவம்பரில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் (எல்.எஸ்.யூ.) கால்பந்து அணி, பேட்டன் ரூஜில் உள்ள தன் சொந்த மைதானத்திலேயே அலபாமாவிடம் 29–0 என்று மண்ணைக் கவ்வியது. அடுத்த ஆண்டு அந்த அணி படைத்த சாதனையைப் பேசுவோர் ஜோ பர்ரோவின் பெயரோடு தொடங்குவதே வழக்கம். நான் அந்தப் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறேன்.

அமெரிக்கக் கால்பந்தில் நான்கு முயற்சிக்குள் பந்தை 10 யார்டு முன்னே கொண்டுபோக வேண்டும். ஏந்திக்கொண்டு ஓடலாம், எறிந்தும் சேர்க்கலாம். எல்.எஸ்.யூ. காலங்காலமாக ஓட்டத்தை நம்பிய அணி. கூட்டத்துக்குள் முட்டி மோதி மூன்று, நான்கு யார்டு சேர்க்கும் ஆட்டம் அது. தலைமைப் பயிற்சியாளர் எட் ஒர்ஜரான் லூசியானாவிலேயே பிறந்து வளர்ந்தவர். முன்பு மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தில் மூன்று ஆண்டுகளில் 10 வெற்றி, 25 தோல்வி என்று வேலையை இழந்தவர். அவர்தான் ஊர் வழக்கத்தை ஒதுக்கிவிட்டு, நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணியில் உதவியாளராக இருந்த 29 வயது ஜோ பிரேடியை அழைத்துவந்தார். தாக்குதல் பொறுப்பிலிருந்த ஸ்டீவ் என்ஸ்மிங்கருக்கு அப்போது வயது 60. மகன் வயதுக்காரரோடு அவர் பொறுப்பைப் பகிர்ந்துகொண்டார். 2019 பருவத்தில் போதிய பாராட்டுப் பெறாத செயல் இதுவே என்பேன்.

பந்தைப் பிடிப்பவர்களை மைதானத்தின் அகலம் முழுக்கப் பரப்பி நிறுத்தினார்கள். எதிரணியின் தற்காப்பு மெலிந்திருக்கும் இடத்தைக் கண்டு எறிவது குவார்ட்டர்பேக் பர்ரோவின் வேலை. ஒஹாயோ ஸ்டேட்டில் முதன்மை இடம் கிடைக்காமல் இங்கே மாறி வந்தவர் அவர். 2018இல் அவர் எறிந்த டச் டவுன் பாஸ்கள் (எதிரணியின் எல்லைக்கோட்டுக்குள் பந்தைச் சேர்த்துப் புள்ளி பெற்றுத்தரும் எறிவுகள்) 16, 2019இல் 60. ஓராண்டு முதிர்ச்சி மட்டும் இந்த வித்தியாசத்தைத் தந்துவிடாது.

செப்டம்பர் 7, ஆஸ்டின் நகரம், டெக்சாஸ் அணிக்கு எதிரான ஆட்டம். எல்.எஸ்.யூ. 37–31 என்று முன்னிலை; மூன்று நிமிடம்கூட மீதமில்லை. மூன்றாவது முயற்சி, தேவையோ 17 யார்டு. பழைய எல்.எஸ்.யூ. ஆக இருந்தால் ஓடி நேரத்தைக் கரைத்துவிட்டுப் பந்தை உதைத்துக் கொடுத்திருக்கும். டெக்சாஸ் வீரர்கள் பாய்ந்து வந்தார்கள். பர்ரோ ஒதுங்கி நகர்ந்து ஜஸ்டின் ஜெஃபர்சனுக்கு எறிந்தார். 61 யார்டு, டச் டவுன். 45–38 என்று முடிந்த அந்த ஆட்டத்தில்தான் புதிய திட்டம் அணியின் இயல்பாகிவிட்டது தெரிந்தது.

நவம்பரில் அலபாமாவின் கோட்டையிலேயே 46–41. தொடர்ந்து எட்டு முறை தோற்ற கணக்கு அன்று தீர்ந்தது. தென்கிழக்குப் பல்கலைக்கழக அணிகளின் கூட்டமைப்பு இறுதியாட்டத்தில் ஜார்ஜியாவை 37–10 என்று வென்று, அப்போது நான்கு அணிகள் மோதிய தேசிய பிளேஆஃபுக்கு முதலிடத்தோடு நுழைந்தது எல்.எஸ்.யூ.

டிசம்பர் 28, அட்லாண்டா. அரையிறுதி தொடங்கும் முன் என்ஸ்மிங்கரின் மருமகள் விமான விபத்தில் இறந்த செய்தி வந்தது. அவர் வீடு திரும்பவில்லை. தன் இடத்திலிருந்து ஆட்டத்தை நடத்தினார். முதல் பாதியிலேயே பர்ரோ ஏழு டச் டவுன் பாஸ்கள் எறிந்தார். ஒக்லஹோமா 63–28 என்று தோற்றது. இந்தக் கணக்கை மகிழ்ச்சியோடு மட்டும் படிக்க முடியவில்லை.

2020 ஜனவரி 13, நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோமில் இறுதியாட்டம். தொடர்ந்து 29 ஆட்டங்களில் தோல்வியே காணாத கிளெம்சன் 17–7 என்று முந்தியது. இடைவேளைக்குள் எல்.எஸ்.யூ. மூன்று டச் டவுன் அடித்து 28–17 ஆக்கியது, முடிவு 42–25. தோல்வியே காணாத பருவத்தின் 15ஆவது வெற்றி அது. பர்ரோ எறிந்து சேர்த்தது 463 யார்டு. பருவம் முழுக்க அணி குவித்த 726 புள்ளிகள் கல்லூரிக் கால்பந்தின் உச்சப் பிரிவில் அந்நாள்வரை எந்த அணியும் தொடாத எண்ணிக்கை.

அடுத்த சில மாதங்களில் அணி கலைந்தது. பிரேடி கரோலினா பாந்தர்ஸுக்குப் போனார். தொழில்முறை அணிகள் 14 வீரர்களை வாரிக்கொண்டன. முதல் தேர்வு பர்ரோ. 2020இல் எல்.எஸ்.யூ.வின் கணக்கு ஐந்து வெற்றி, ஐந்து தோல்வி. 2021 பருவத்தோடு ஒர்ஜரானும் விடைபெற்றார்.