பீர் கம்பெனி தந்த அளவுகோல்

கதை ஒரு பீர் கம்பெனியில் ஆரம்பிக்கிறது. கோபன்ஹேகனில் இருந்த கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடம். 1909-ல் அங்கே சோரன்சன் என்கிற விஞ்ஞானி, ஒரு திரவம் அமிலமா காரமா என்று எண்ணால் சொல்ல 'பிஹெச்' அளவுகோலைக் கொண்டுவந்தார். ஏழு நடுநிலை. குறைந்தால் அமிலம், கூடினால் காரம். அவ்வளவுதான்.

நம் ரத்தம் 7.35-க்கும் 7.45-க்கும் நடுவில் நிற்கும். நீங்கள் என்ன சாப்பிட்டாலும் நுரையீரலும் சிறுநீரகமும் அதை அசைய விடாது. சாப்பாட்டுக்கு ஏற்ப மாறுவது சிறுநீர்தான்.

அமெரிக்காவில் ராபர்ட் யங் விடுவாரா? வியாதிக்கெல்லாம் வேர் உடம்பில் ஏறும் அமிலமே என்று 2002-ல் 'பிஹெச் மிராக்கிள்' புத்தகம் போட்டார். பிய்த்துக்கொண்டு விற்றது. தன் கலிஃபோர்னியா பண்ணையில் புற்றுநோயாளிகளுக்குச் சமையல் சோடாவை டிரிப்ஸாக ஏற்றினார்கள். ஆசாமி டாக்டரே இல்லை!

லைசென்ஸ் இல்லாமல் வைத்தியம் பார்த்த குற்றம் 2016-ல் நிரூபணமானது. ஜெயில். அவரை நம்பி கீமோதெரபி வேண்டாம் என்றிருந்த ஒரு பெண்ணுக்குப் பத்தரைக் கோடி டாலர் நஷ்டஈடு தரச் சொன்னது 2018-ல் சான்டியாகோ ஜூரி. அதற்குள் அவருடைய புற்றுநோய் நான்காம் கட்டத்துக்குப் போயிருந்தது.

டாலரை எண்ணிக் கொடுத்துவிடலாம். கைவிட்டுப்போன மாதங்களை? உங்களிடம் யாராவது பிஹெச் பட்டையை நீட்டினால், இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.