போடிமெட்டு வளைவில் முடுக்கம் எந்தப் பக்கம்?

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். 'வித்தேஸ்', 'அக்செலெரசியோன்' என்று படித்தவற்றுக்குத் தமிழில் திசைவேகம், முடுக்கம் என்று பெயர் என்பதைத் தேனிக்கு வந்த பிறகு, பிள்ளைகளின் பாடநூலில்தான் பார்த்தேன். முடுக்கிவிடுவது என்றால் விரட்டுவதுதானே? வண்டி ஓடும் திசையில்தான் முடுக்கமும் இருக்கும் என்று யாருக்கும் தோன்றும்.

உலகமும் நெடுங்காலம் அப்படித்தான் நினைத்தது. எறிந்த கல்லை ஏதோ ஒன்று முன்னே தள்ளிக்கொண்டே போகவேண்டும் என்றார் அரிஸ்டாட்டில். கலிலியோவோ, 1638-இல் வெளிவந்த நூலில், காற்றின் தடையை ஒதுக்கிவிட்டால் கல் முன்னே போனாலும் அதன் வேகமாற்றம் கீழ்நோக்கி மட்டுமே என்று காட்டினார். 1687-இல் நியூட்டன், கோள்கள் சுற்றுவது சூரியனை நோக்கிய இழுப்பால் என்றார். 1700-இல் பாரிஸில் பியேர் வரிஞோன் முடுக்கத்தை நுண்கணிதத்தில் எழுதினார். பள்ளியில் நான் கேள்விப்படாத பெயர்!

நம்ம போடிமெட்டுச் சாலைக்கு வாருங்கள். 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏலத்தோட்டத்திலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப் இறங்குகிறது. டிரைவர் பிரேக் போட்டால் வண்டி போவது கீழே, முடுக்கம் மேலே. வளைவில் முள் இருபதிலேயே நிற்கும். ஆனாலும் முடுக்கம் உண்டு, வளைவின் உள்பக்கமாக. உள்ளே இருப்பவர்கள் வெளிப்பக்கம் சாய்வார்கள். அவர்களை யாரும் தள்ளவில்லை. உடம்பு நேராகப் போகப் பார்க்கிறது, ஜீப் திரும்பிவிடுகிறது.

ஜீப்பைத் திருப்புவது டயருக்கும் தாருக்கும் உள்ள பிடிப்புதான். மழையில் அது குறையும். பிடிப்பு போதாவிட்டால் ஜீப்பும் நேராகத்தான் போகும். அந்தப் பக்கம் பள்ளம்.