தேனிக்குப் போன வைஃபை: அல்காரிதம் கணக்கும் கரண்ட் கணக்கும்

இன்னைக்கு எபிசோடுல ஒரு நெட்வொர்க்கோட வரலாறு.

எங்க ஆரல்வாய்மொழியில ரயில், ரோடு, காத்தாடியைச் சுத்துற காத்து எல்லாமே ஒரே கணவாய் வழியாத்தான் வரும். வைஃபை சிக்னலும் அப்படித்தான்; மலை குறுக்க நின்னா போகாது. சுத்திப் போக நடுவுல இன்னொரு ரூட்டர் வேணும். இப்படி ரூட்டர்கள் பாக்கெட்டைக் கைமாத்தி விடுறதுதான் மெஷ் நெட்வொர்க்.

எந்த வழியில அனுப்புறது? பழைய அல்காரிதம் குறைஞ்ச ஹாப் உள்ள வழியை எடுக்கும். ஆனா ஹாப் குறைஞ்சா ஒவ்வொரு லிங்க்கும் நீளமாகும், பாக்கெட் தொலையும். 2003-ல எம்.ஐ.டி. குழு ஈ.டி.எக்ஸ்.னு ஒரு அளவு கொண்டுவந்தாங்க: ஒரு பாக்கெட் போய்ச்சேர சராசரியா எத்தனை தடவை அனுப்பணும்? நேர் லிங்க்ல நாலுக்கு ஒன்னுதான் சேருதுன்னா 4 தடவை. பத்துக்கு ஒம்போது சேர்ற ரெண்டு ஹாப் வழின்னா சுமார் 2.2 தடவைதான். சுத்து வழி ஜெயிக்குது!

இது பக்கத்துப் பக்கத்து மாடிகளுக்குச் சரி. நம்ம கிராமங்களுக்கு நடுவுல பல கிலோமீட்டர். சாதா வைஃபை ஒரு பாக்கெட் அனுப்பிட்டு பதிலுக்குக் காத்திருக்கும். தூரத்துல இருந்து பதில் லேட்டா வந்தா, தொலைஞ்சதுன்னு நினைச்சு திரும்ப அனுப்பும். 2005-ல ஐ.ஐ.டி. கான்பூரின் பாஸ்கரன் ராமனும் காமேஸ்வரி செப்ரோலுவும் 2பி-ன்னு ஒரு முறை சொன்னாங்க: ஒரு டவர்ல இருக்குற ஆன்டெனா எல்லாம் ஒரே நேரத்துல அனுப்பணும், அப்புறம் ஒரே நேரத்துல வாங்கணும். அதை வளர்த்து பெர்க்லி குழு 2007-ல வெளியிட்டது வைல்ட்நெட். சாதா வைஃபையை விட 2 முதல் 5 மடங்கு வேகம்.

அந்தக் குழு வேலை செஞ்ச இடம் நம்ம தேனி, அரவிந்த் கண் மருத்துவமனை. முழு மெஷ் இல்ல. நேருக்கு நேர் பாத்த ஆன்டெனாக்கள். கிராமத்துப் பார்வை மையத்துல உக்காந்த பாட்டி, வீடியோவுல தேனி டாக்டர்கிட்ட பேசலாம். லிங்க் விழுந்தா? பாட்டி பஸ் ஏறணும், கூட வர்றவங்களுக்கு ஒரு நாள் கூலி போச்சு.

லிங்க் விழுந்துச்சு. ஆனா பெரும்பாலும் அல்காரிதத்தால இல்ல. அதே குழு 2008-ல எழுதின கட்டுரையில பெரிய வில்லன் கரண்ட்! வோல்டேஜ் எகிறி போர்டு எரியும். திடீர்னு கரண்ட் போய்ப் போய் வந்தா மெமரி கார்டு கெட்டுப்போகும். அதனால கரண்டைச் சீராக்குற சர்க்யூட் செஞ்சாங்க, உள்ளூர் ஆளுங்களுக்குப் பயிற்சி கொடுத்தாங்க.

ஹாப்பை எண்ணுனோம், அப்புறம் தொலைஞ்ச பாக்கெட்டை எண்ணுனோம். ரூட்டர் செத்துக் கிடந்த மணிநேரத்தை எந்த அளவுமே எண்ணல. பாட்டிக்கு முக்கியம் அதுதான். அடுத்த தடவை "5 மடங்கு வேகம்"னு எங்கயாவது படிச்சா ஒன்னு கேளுங்க: கரண்ட் போயிட்டு வந்தப்புறமும் அது ஓடுதா?