ஸ்ரீஹரிகோட்டாத் தீவும் பழவேற்காடு ஏரியும்

ஸ்ரீஹரிகோட்டா, வங்காள விரிகுடாவையும் பழவேற்காடு ஏரியையும் பிரித்து வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் மணல் தீவு ஆகும். கடந்த சில ஆயிரம் ஆண்டுகளில் அலையும் கரையோர நீரோட்டமும் குவித்த மணல் தீவாக உயர, அதன் மேற்கே அடைபட்ட கடல்நீரில் ஆரணியாறும் காளங்கியாறும் வந்து கலந்ததால், சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி உருவாயிற்று. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்பகுதி திருவள்ளூர் மாவட்டத்திலும் உள்ளன. கும்மிடிப்பூண்டி வட்டத்துச் சுண்ணாம்புக்குளம் அதன் மேற்குக் கரையூர்களுள் ஒன்று.

ஏரி கடலோடு கூடும் முகத்துவாரமே இப்பகுதியை உலக வணிகத்தோடு இணைத்தது. போர்ச்சுகீசியருக்குப் பின் வந்த டச்சுக்காரர் 1613இல் பழவேற்காட்டில் கெல்திரியாக் கோட்டையைக் கட்டி, 1690 வரை அதைச் சோழமண்டலக் கரையின் தலைமையிடமாகக் கொண்டனர். துணியோடு அடிமைகளும் இங்கிருந்து பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) கப்பலேற்றப்பட்டனர் என்பது அவ்வணிகத்தைப் போற்றுவோர் மறக்கக் கூடாத செய்தி. 1825இல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு நிலையாக மாறியது.

தீவின் காட்டில் கிழங்கும் தேனும் சேகரித்து வாழ்ந்தவர்கள் யானாதிப் பழங்குடியினர். 1835இல் தீவை எடுத்துக்கொண்ட ஆங்கில அரசு, பின்னர் 1878இல் பக்கிங்காம் கால்வாய் எனப் பெயர்பெற்ற நீர்வழியில், அக்காட்டின் விறகைச் சென்னையின் அடுப்புகளுக்குப் படகேற்றியது. 1969இல் தீவு ராக்கெட் ஏவுதளத்துக்குத் தேர்வு செய்யப்பட்டபோது யானாதிக் குடும்பங்கள் பலவும் இடம்பெயர்க்கப்பட்டன. 1971 அக்டோபர் 9இல் முதல் ரோகிணி ராக்கெட்டும், 1980 ஜூலை 18இல் ரோகிணி செயற்கைக்கோளுடன் எஸ்.எல்.வி.-3உம் இங்கிருந்து விண்ணேறின. 2002இல் இம்மையத்துக்கு இஸ்ரோவின் முன்னாள் தலைவர் சதீஷ் தவானின் பெயர் சூட்டப்பட்டது. ஏவுதளத்தின் வரலாறு நாள்வாரியாக எழுதப்பட்டிருக்க, தீவின் பழங்குடிகளுக்கு அதில் சில வரிகளே கிடைத்திருப்பது பெருங்குறை.

ஏரியின் தென்பகுதியில் பட்டினவர் சமூக மீனவர், எந்த ஊரார் எந்த நாளில் எந்த நீர்ப்பரப்பில் வலை கட்டலாம் என்பதை முறைவைத்துப் பகிரும் 'பாடு' என்னும் ஏற்பாட்டைக் காத்து வருகின்றனர். அந்த முறையில் இடம்பெறாத இருளர்கள் ஆழமற்ற நீரில் இறங்கி, பனையோலைப் பறியைப் பல்லால் கவ்வியபடி, சேற்றை இரு கைகளாலும் தடவி இறால் பிடிக்கின்றனர். கடல்நீர் ஏறினால்தான் இறால் குஞ்சுகள் ஏரிக்குள் வரும் என்பதால், இரு சாராரின் பிழைப்பும் முகத்துவாரத்தையே நம்பியுள்ளது. கோடையில் மணல் மேடிட்டு அது அடைபடும்போது நீர் வற்றி உப்பு மிகுகிறது, படகுகளும் கடலுக்குப் போக முடிவதில்லை. வடக்கே சூளூர்ப்பேட்டையிலிருந்து ஏவுதளத்துக்கு ஏரியின் குறுக்கே போடப்பட்ட சாலை அங்கு நீரோட்டத்தைத் தடுத்துவிட்டது. தெற்கில், மீனவர்களின் நெடுநாள் கோரிக்கையை ஏற்று, முகத்துவாரத்தைத் தூர்வாரி இருபுறமும் கற்சுவர் எழுப்பும் பணியைத் தமிழ்நாடு அரசு அண்மை ஆண்டுகளில் மேற்கொண்டது.